வெல்லமா, வெள்ளமா: ஓர் எழுத்து செய்த வேலை

போன வருடம் ஐப்பசி மழையில் சித்தோட்டிலிருந்து மதுரைக்குப் போன வெல்ல லோடு ஒன்றில் பதினெட்டு மூட்டை நனைந்து பாகாகிவிட்டது. தப்பு முழுக்க லாரிக்காரர் பக்கம். தார்ப்பாய் ஓரம் கிழிந்திருந்ததை டிரைவரே ஒத்துக்கொண்டார், சரக்கை இறக்கிய இடத்தில் எடுத்த போட்டோவும் வாட்ஸ்அப்பில் இருந்தது. நான் வேலை பார்க்கும் மண்டியில் பில் போடுவது, லெட்ஜர் பார்ப்பது, யாருக்காவது கடிதம் போக வேண்டும் என்றால் அதை அடித்துக் கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். லாரி ஆபீசுக்கு நஷ்டஈடு கேட்டு ஒரு பக்கக் கடிதம் நான் அடித்தேன், முதலாளி மேலோட்டமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார், அன்றைக்கே பதிவுத் தபாலில் போய்விட்டது.

பத்து நாளில் பதில் வந்தது, ரொம்ப மரியாதையான பதில். புக்கிங் ரசீதின் பின்பக்கத்தில் உள்ள நிபந்தனைகளின்படி வெள்ளம், புயல், நிலநடுக்கம் முதலிய இயற்கைச் சீற்றங்களால் நேரும் சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும், எங்கள் கடிதத்திலேயே சேதத்தின் காரணம் தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பதால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. நாங்கள் எங்கே வெள்ளம் என்று சொன்னோம்? ஃபைலில் இருந்த நகலை எடுத்துப் பார்த்தேன். 'பொருள்' என்று போட்டு, அதற்கு எதிரே கொட்டை எழுத்தில் நானே அடித்திருந்தேன்: 'வெள்ளச் சேதத்துக்கான இழப்பீடு கோருதல்'.

முதலாளி சிரித்தார். "ஏங் கண்ணு, வெல்லம் விக்கற நாமளே வெல்லத்தத் தப்பா எழுதினா எப்படி?" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

இதை ஏதோ தட்டச்சுப் பிழை என்று விட்டுவிடாமல் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்தக் கடிதத்தில் வேறு பிழைகளும் இருந்தன. 'தவணை'யை 'தவனை' என்றும், ஓரிடத்தில் 'கட்டணம்' என்பதை 'கட்டனம்' என்றும் அடித்திருந்தேன். லாரி ஆபீஸ் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. கட்டனம் என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது, அதனால் படிப்பவர் தானே திருத்திக்கொண்டு மேலே போய்விடுவார். வெள்ளம் அப்படி இல்லை. அது நல்ல சொல், அகராதியில் இருக்கிற சொல், அதுவும் மழைக்காலத்தில் ஒரு சேதக் கடிதத்தில் வந்து உட்கார எல்லா உரிமையும் உள்ள சொல். யாருக்கும் சந்தேகமே வராது. இல்லாத சொல் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும், இருக்கிற சொல் தப்பான இடத்தில் நின்றால்தான் காசு போகிறது.

இதே கதை பெரிய அளவில் ஒரு தடவை நடந்திருக்கிறது. பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில், கார்டிஃப் நகரத்தில். வெல்ல விவகாரத்துக்குப் பிறகு அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது.

டெய்லர் அண்ட் சன்ஸ் லிமிடெட் என்று ஒரு பொறியியல் நிறுவனம், நூறு வருடத்துக்கு மேல் பழையது, 250க்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த இடம். உருக்கு நிறுவனமான கோரஸ் அவர்களுடைய முக்கியமான வாடிக்கையாளர்களில் ஒன்று (கோரஸை 2007-ல் டாடா ஸ்டீல் வாங்கிவிட்டது, அதனால் நம்மூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர்தான்). இன்னொரு பக்கம், இவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத டெய்லர் அண்ட் சன் லிமிடெட் என்று ஒரு நிறுவனம் இருந்தது. ஒன்று சன், மற்றது சன்ஸ். இந்தச் சன் நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி 2009 ஜனவரி கடைசியில் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த உத்தரவு பதிவுக்காக கம்பெனீஸ் ஹவுஸுக்குப் போனது. அது அங்கே நிறுவனங்களின் பதிவகம், நம்மூர் நிறுவனப் பதிவாளர் அலுவலகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைமையகமும் அதே கார்டிஃப் நகரத்தில்தான் இருக்கிறது.

உத்தரவில் நிறுவனத்தின் பெயர் இருந்தது, பதிவு எண் இல்லை. பதிவகத்தில் இருந்த ஊழியர் பெயரை வைத்துத் தேடி எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். தேடினார், கண்டுபிடித்தார், பதிவு செய்தார். பிப்ரவரி 20ஆம் தேதி கலைப்பு உத்தரவு ஏறியது, ஆனால் அது ஏறிய இடம் சன் இல்லை, சன்ஸ்.

அந்த நேரத்தில் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் டேவிசன் செப்ரி மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக மாலத்தீவில் இருந்திருக்கிறார். கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது, நீங்கள் அங்கே விடுமுறையில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்கிற மாதிரி கோரஸிலிருந்து போன் வந்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிகிறது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிற கம்பெனி அரசாங்கப் பதிவேட்டின்படி செத்துப் போயிருந்தது.

பதிவகம் பிழையை மூன்றே நாளில் திருத்திவிட்டது. அரசு அலுவலகத்துக்கு மூன்று நாள் என்பது மின்னல் வேகம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மூன்று நாளுக்குள் விஷயம் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டது. அவர்கள் பதிவகத்திலிருந்து தகவலை மொத்தமாக வாங்கி, தங்கள் சந்தாதாரர்களுக்குக் கொடுப்பவர்கள். பதிவேட்டில் அடித்துத் திருத்தலாம், வெளியே போன சேதியை யார் திருத்துவது? ஒருவர் நொடித்துப்போனார் என்ற பேச்சு வியாபாரத்தில் எவ்வளவு வேகமாகப் போகும் என்று மண்டியில் ஒரு சீசன் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது பொய் என்ற சேதி அதில் கால்வாசி வேகத்தில்கூடப் போகாது. சரக்குக் கொடுப்பவர்கள் கடனுக்குக் கொடுக்க மறுத்தார்கள், ஆர்டர்கள் நின்றன. இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. கலைப்பில் இருக்கிற நிறுவனம் தன் சொத்தைக் கைமாற்றினால், நீதிமன்றம் ஒத்துக்கொண்டால் ஒழிய அது செல்லாது என்பது அங்குள்ள சட்டம். ஆகவே எதிரே இருப்பவர் நல்லவராகவே இருந்தாலும், உறுதியாகத் தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். இரண்டே மாதத்தில், ஏப்ரல் 2009-ல், டெய்லர் அண்ட் சன்ஸ் உண்மையிலேயே நொடித்து, நொடித்த கம்பெனிகளைப் பார்த்துக்கொள்ள அங்கே நியமிக்கப்படும் நிர்வாகிகள் கைக்குப் போய்விட்டது. பொய்யாக எழுதப்பட்ட மரணக் குறிப்பு தானே நிஜமானது.

செப்ரி வழக்குப் போட்டார். நிறுவனத்தின் வழக்குரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, பல வருடம் நடந்தார். 2015 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஈடிஸ் தீர்ப்புச் சொன்னார்: கலைப்பு உத்தரவைப் பதியும்போது அது தப்பான நிறுவனத்தின் மேல் ஏறிவிடாமல் நியாயமான கவனம் எடுக்க வேண்டிய கடமை பதிவகத்துக்கு உண்டு, அந்தக் கடமை தவறியிருக்கிறது, நிறுவனம் விழுந்ததற்கு அதுதான் காரணம். கேட்கப்பட்ட இழப்பு 90 லட்சம் பவுண்டு அளவில் என்று அப்போது செய்திகள் வந்தன.

தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் அந்தக் கடமைக்கு அவர் போட்ட எல்லை. மற்றவர்கள் கொடுக்கிற தகவல் உண்மையா என்று பதிவகம் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, கையில் வந்த தகவலைச் சரியான ஏட்டில் சரியாக ஏற்றினால் போதும். ஒரு குமாஸ்தாவிடம் உலகம் கேட்பது அவ்வளவுதான், அதுவே எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு இப்போது தெரிகிறது.

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஓர் எஸ் எழுத்துப் பிழை ஒரு கம்பெனியைக் கொன்றது' என்று எழுதுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்தால், அங்கே யாரும் எதையும் தப்பாக எழுதவே இல்லை. உத்தரவில் சன் என்று சரியாக இருந்தது. பதிவேட்டில் சன்ஸ் என்பதும் சரியான பெயர்தான். இரண்டு சரியான பெயர்கள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று. உலகத்தில் உள்ள எந்த எழுத்துப்பிழை திருத்தியிடம் கொடுத்தாலும் இரண்டுக்கும் பச்சைக்கொடிதான் காட்டும். பதிவு எண் ஒன்று அந்த உத்தரவில் இருந்திருந்தால் தேட வேண்டிய வேலையே வந்திருக்காது.

நம்மூரில் பெயர்ச் சிக்கல் இன்னும் மோசம், காரணம் சாமிகள். எங்கள் லெட்ஜரில் மதுரைப் பார்ட்டி இரண்டு பேர், ஒரே சாமி பெயர், ஒரே தெரு. ஒருவர் பலகையில் டிரேடர்ஸ், இன்னொருவர் பலகையில் டிரேடிங். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் சாமி பெயரில் ஒரு ஹெச் சேர்ப்பார், மற்றவர் சேர்க்க மாட்டார். எனக்கு முன்னால் இங்கே இருந்த கணக்குப்பிள்ளை (பெரிய மனுஷர், பேனாவை வைத்தால் அடித்தல் திருத்தல் இருக்காது) ஒருவருடைய வரவை மற்றவர் பக்கத்தில் எழுதிவிட்டார், வருடக் கடைசியில்தான் தெரிந்தது. அதற்குள் நிலுவை கேட்டு இரண்டு கடிதம் போய், பணம் கட்டியவரைப் பார்த்துக் கட்டவில்லை என்று சொன்னதில் அவர் கோபித்துக்கொண்டு வேறு மண்டிக்குப் போய்விட்டார். இருபது வருடப் பழக்கம்.

இப்போது ஜிஎஸ்டி எண் வந்த பிறகு இதில் பாதி குறைந்திருக்கிறது. பதினைந்து இடம், முதல் இரண்டு மாநிலம் (நமக்கு 33), அடுத்த பத்து பான் எண். கடைசியில் இருக்கிற ஒரே ஓர் எழுத்துதான் கெட்டிக்காரத்தனம். முன்னால் உள்ள பதினான்கையும் கணக்குப் போட்டு வருவது அது, ஆகவே நடுவில் ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் கடைசி எழுத்து ஒத்துவராது, எண்ணே செல்லாது என்று கணினி சொல்லிவிடும். பெயருக்கு அப்படி ஒரு சரிபார்ப்பு எழுத்து கிடையாது. சன்னோடு ஓர் எஸ் சேர்ந்தால் அது இன்னொரு முழுப் பெயர் ஆகிவிடுகிறது.

ஆனால் எண்ணை மட்டும் நம்பிப் போகவும் முடியாது, வங்கியில் கதை தலைகீழ். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்பும்போது பெயரும் எழுதுகிறோம், கணக்கு எண்ணும் எழுதுகிறோம், ஆனால் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்கு இடம் கொடுத்துவிட்டது. சரியான எண்ணைத் தர வேண்டியது அனுப்புகிறவர் பொறுப்பு. அதாவது பெயரை எவ்வளவு அழகாக, ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதினாலும், எண்ணில் ஓர் இலக்கம் தப்பி அது வேறு யாருடைய கணக்காகவோ இருந்துவிட்டால் பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கும்பிட வேண்டும். இதற்குத்தான் 2024 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டு, அனுப்பும் முன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவரச் சொன்னார்கள். பதினைந்து வருடம் கழித்துத்தான் பெயரும் எண்ணும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. கார்டிஃபில் எண் இல்லாமல் பெயர் மட்டும் போய் அடி வாங்கியது, இங்கே பெயரைப் பார்க்காமல் எண் மட்டும் போய் அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நான் இப்போது கடிதமோ பில்லோ எதுவானாலும் பெயர் வருகிற முதல் இடத்தில் எண்ணையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், அதையும் பழைய பில்லிலிருந்து நகலெடுக்காமல் பார்ட்டியின் பதிவுச் சான்றிதழைப் பார்த்து.

பெயர் விஷயம் இவ்வளவு. சொல் விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் வெல்லத்துக்கு யாரும் எண் கொடுக்கவில்லை.

வெல்லக் கடிதம் திரும்பி வந்த வாரம் மண்டி கணினியில் இருந்த இரண்டு வருடக் கடிதங்களை உட்கார்ந்து படித்தேன். மானம் போயிற்று. மூன்று கடிதங்களில் 'தொகையைச் செலுத்துமாறு கேட்டுக்கொல்கிறோம்'. ஒன்றில் 'சரக்கை நேரில் பெற்றுக்கொல்லவும்'. இன்னொரு கடிதம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனது, அதில் விளைபொருள் என்று வர வேண்டிய எல்லா இடத்திலும் விலைபொருள். 'குறை இருந்தால் தெரிவிக்கவும்' என்பது 'குரை இருந்தால்' என்று போயிருக்கிறது, வாங்கியவர் நாய் வளர்ப்பவராக இல்லாமல் இருக்க வேண்டும். 'எங்கள் பொருப்பில்' என்பது மலையில் என்று அர்த்தம் தரும், பொருப்பு என்றால் மலை. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம், பணம் ஒன்றும் போகாது, மரியாதை கொஞ்சம் போகும்.

பணம் போகக்கூடிய இடங்கள் வேறு. ஒரு கடிதத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: 'நமக்கு எடையில் ஏற்பட்ட வித்தியாசத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.' நான் சொல்ல வந்தது நமக்கு இடையில் ஏற்பட்ட வித்தியாசம், அதாவது விலை பேசியதில் வந்த மனத்தாங்கல். பேச்சில் இடை என்பதை எடை என்றுதானே சொல்கிறோம், விரலும் அப்படியே அடித்துவிட்டது. மண்டியிலிருந்து போகும் கடிதத்தில் எடையில் வித்தியாசம் என்று இருந்தால் எதிராளி என்ன நினைப்பார்? எடை குறைந்ததை இவர்களே ஒத்துக்கொண்டார்கள் என்று நினைப்பார். நல்லவேளை, அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை, அல்லது ஒழுங்காகப் படிக்கவில்லை.

கைமாற்று இன்னொன்று. 'தங்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்த 50,000 ரூபாய்' என்றால் திருப்பித் தர வேண்டிய கடன். 'கைம்மாறாகக் கொடுத்த' என்றால் அவர் செய்த உதவிக்கு நாம் செய்த பதில் உதவி, திருப்பிக் கேட்கவே முடியாது. நடுவில் ஒரு ம், கடைசியில் ஒரு ற், பணம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. அவசரத்தில் கைமாறாக என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது கடனா, பதில் உதவியா, வெறுமனே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதா என்று மூன்று விதமாகவும் வாதம் பண்ணலாம். நான் இப்போது அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன், கடனாக என்று எழுதிவிடுகிறேன். அழகு போகிறது, போகட்டும்.

முன்னாள், முன்னால் தெரிந்ததுதான். 'எங்கள் முன்னாள் பங்குதாரர் கையெழுத்திட்டது' என்பதற்கும் 'எங்கள் முன்னால் பங்குதாரர் கையெழுத்திட்டது' என்பதற்கும் நடுவே, அவர் விலகிப் போனவரா எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவரா என்ற கேள்வி இருக்கிறது. பாக்கி வசூலில் அந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

தொகையை எழுத்தால் எழுதுவதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. காசோலையில் எண்ணால் ஒன்றும் எழுத்தால் வேறொன்றும் இருந்தால் எழுத்தில் உள்ளதுதான் தொகை என்று 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆவது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் வங்கி பெரும்பாலும் காசோலையைத் திருப்பிவிடும், அது வேறு. ஆக எழுத்துக்குத்தான் மரியாதை. தமிழில் எழுதும்போது எல்லோரும் முந்நூறா முன்னூறா என்று சண்டை போடுவார்கள். முந்நூறுதான் சரி, தொண்ணூறுக்கு மூன்று சுழி ண்தான் சரி, ஐந்நூறுக்கு ந் உண்டு. ஆனால் இதில் எதைத் தப்பாக எழுதினாலும் அது வேறு எண்ணாக மாறாது. பயப்பட வேண்டியது ஒன்றேகாலுக்கும் ஒன்றேமுக்காலுக்கும்தான். 'ஒன்றேமுக்கால் லட்சம்' என்பதில் 'முக்' விழுந்துவிட்டால் ஐம்பதாயிரம் காணாமல் போய்விடும், மிச்சம் நிற்கிற சொல்லில் ஒரு பிழையும் தெரியாது. வியாபாரத்தில் கால், அரை, முக்கால் போட்டு எழுதுவதை நான் முழுக்க நிறுத்திவிட்டேன், ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் என்று நீட்டியே எழுதுகிறேன்.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் பாதி நம் நாக்கு, பாதி விசைப்பலகை. ர-வும் ற-வும் பேச்சில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன, எங்கள் பக்கம் ழ-வை ள-வாகத்தான் சொல்வோம். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில் சின்ன எல் போட்டால் ல, ஷிஃப்ட் அமுக்கினால் ள. அவசரத்தில் ஷிஃப்ட் விட்டுப்போனால் கொள்கிறோம் கொல்கிறோம் ஆகிவிடும். போனில் அடித்தால் இன்னொரு ஆபத்து, அது தானே ஒரு சொல்லை முன்னால் நீட்டும், நாமும் தட்டிவிடுவோம். என் வெல்லம் அப்படித்தான் வெள்ளம் ஆனது. கடிதத்தின் முதல் வடிவத்தை பஸ்ஸில் வரும்போது போனில் அடித்தேன், போனுக்கு வெல்லத்தைவிட வெள்ளம்தான் அதிகப் பழக்கம்போல. 1999-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை, ஷிஃப்ட் வேலை கிடையாது. அதற்கு மாறி நான்கு மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் கட்டைவண்டி வேகம்தான், இப்போது பரவாயில்லை, கொல்கிறோம் வருவது நின்றுவிட்டது.

கடிதத்தை வாய்விட்டுப் படித்தால் பிழை தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். தமிழில் அது பாதிதான் உதவும். குறை, குரை இரண்டையும் என் வாய் ஒரே மாதிரிதான் படிக்கிறது. வெல்லம், வெள்ளம் வித்தியாசம் காதுக்குக் கேட்கும்தான், ஆனால் எழுதியவனே படித்தால் தாளில் இருப்பதைப் படிக்க மாட்டான், மனசில் இருப்பதைப் படிப்பான். அனுப்பும் முன் அந்தக் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் வெல்லம் என்றே படித்தேன், சத்தியமாக. அதனால் இப்போது செய்வது வேறு. எங்கள் தொழிலில் எந்தெந்தச் சொல் தடம் மாறினால் அடி விழும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், இருபது சொல்கூட இருக்காது. வெள்ளம், கொல், விலை, எடை, முன்னால், இப்படி. கடிதம் முடிந்ததும் ஃபைண்டில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுவேன், எங்காவது வந்திருந்தால் அந்த வரியை மட்டும் படிப்பேன். வந்த இடம் சரியானால் விட்டுவிடுவேன். இரண்டு நிமிட வேலை. பெரிய தொகைக் கடிதம் என்றால் கடையில் எடை போடும் அண்ணனிடம் கொடுத்து, இதில் என்ன கேட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கண்ணா என்று கேட்பேன். அவருக்கு ஒற்று மிகுமா மிகாதா என்றெல்லாம் தெரியாது, ஆனால் அவர் சொல்வதும் நான் எழுத நினைத்ததும் ஒன்றா என்று தெரிந்துவிடும்.

இதைச் சொன்னால் தமிழ் ஆசிரியர்கள் என்னை அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். வாழ்த்துகளா வாழ்த்துக்களா, இயக்குநரா இயக்குனரா, ஒரு எழுத்தா ஓர் எழுத்தா என்று நேரம் போக்குவதை வியாபாரக் கடிதத்தில் நான் கடைசியில்தான் வைப்பேன். சரியாக எழுதினால் நல்லது, எழுத முயல்கிறேன். ஆனால் இருக்கிற பத்து நிமிடத்தை எதில் செலவழிப்பது என்று வந்தால் பெயர், எண், தொகை, தேதி, அப்புறம் அந்த இருபது சொல். ஒற்று அதற்கப்புறம்.

லாரி ஆபீஸ் விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-ல் வந்த சட்டம் இருக்கிறது. சரக்குக்கு நேர்ந்த சேதத்துக்கு லாரி நிறுவனம் பொறுப்பு, இயற்கைச் சீற்றம், போர், கலவரம் மாதிரி சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு. வழக்குப் போட வேண்டுமானால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அதாவது நான் அடித்த அந்தக் கடிதம்தான் அறிவிப்பு, அதில் விலக்குக் காரணத்தை நானே கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நாள் இன்னும் நிறைய மிச்சம் இருந்ததால் இரண்டாவது கடிதம் போட்டோம். 'எங்கள் முந்தைய கடிதத்தில் வெள்ளச் சேதம் என்று இருப்பதை வெல்லத்துக்கு ஏற்பட்ட சேதம் என்று படிக்கவும், சேதத்தின் காரணம் கிழிந்த தார்ப்பாய் வழியாக இறங்கிய மழைநீர்' என்று ஆரம்பித்து, ரசீது எண், லாரி எண், தேதி, மூட்டைக் கணக்கு, டிரைவர் எழுதிக் கொடுத்த குறிப்பின் நகல், போட்டோ எல்லாவற்றையும் வைத்து அனுப்பினோம். போனில் நாலு தடவை பேச்சு நடந்தது. அவர்கள் பக்கத்து மேனேஜர் முதல் கடிதத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் விளையாடத்தான் செய்தார், நானாக இருந்தாலும் விளையாடியிருப்பேன். கடைசியில் பதினெட்டு மூட்டைக்கும் பாதி விலை என்று ஒத்துக்கொண்டு, அடுத்து வந்த வாடகை பில்களில் கழித்துக் கொடுத்தார்கள். முழுசாகக் கேட்டிருக்க வேண்டிய பணம், மீதிப் பாதி என் ஓர் எழுத்துக்குப் போயிற்று என்று வைத்துக்கொண்டேன்.

கணக்கு முடிந்ததாக அவர்கள் அனுப்பிய கடிதம் ஃபைலில் இருக்கிறது. அதில் 'வெல்ல சேதம்' என்று இருந்தது, நடுவில் ச் இல்லை. கையில் எடுத்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நகலை ஃபைலில் போட்டேன்.